தொட்டிக்காரம்மாவின் கீரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். முதுகுக்குப் பின்னால்தான். இருபத்தேழு வருஷமாக அமிலப் புகையில் நின்று இலையையும் வேரையும் கரைத்துக்கொண்டிருப்பவனுக்குச் சிரித்த முகம் எங்கிருந்து வரும்? அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது தொட்டிக்காரம்மாவைப் பற்றி.

வருகைப் பதிவேட்டில் அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூடத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கொட்டகை. அதற்குள் இருநூற்று நாற்பது தொட்டிகள். மண்ணைச் சலித்து நிரப்புவது, விதைப்பது, தண்ணீரை அளந்து ஊற்றுவது, மருந்து தெளிப்பது, கடைசியில் செடியைப் பிடுங்கி வேரை மூன்று தண்ணீரில் அலசி உலர்த்தி, காகித உறையில் போட்டு என் மேசைக்குக் கொண்டுவருவது, எல்லாம் அவர் ஒருவர்தான். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. குனிந்தவர் நிமிர்வதற்குள் நான் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம்.

"ஏம்மா, ஒரு முக்காலி வெச்சுக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்திருக்கிறேன்.

"முக்காலிய இழுத்துக்கிட்டு இருநூத்தி நாப்பது தடவை நகரணும்ணே. அதுக்கு இதுவே மேல்" என்பார்.

அவர் கதை ஒன்றும் பெரிய கதை இல்லை. கல்யாணமாகி நாலாவது வருஷம் புருஷன் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. தம்பி வீட்டுக்கு வந்தார். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, தம்பி மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம். பெண் குழந்தை மட்டும் பிழைத்தது. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவர் இவர்தான். அத்தை என்றுதான் அவள் கூப்பிடுவாள். ஆனால் காய்ச்சல் என்றால் கண்விழித்ததும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், கல்யாணத்துக்கு ஓடியாடியதும் எல்லாம் அத்தைதான். தம்பிக்கு வயலைத் தவிர வேறெதுவும் தெரியாது.

அந்த வயலில்தான் வந்தது வினை. வாய்க்கால் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர். மேலே கொஞ்ச தூரத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குகிற ஒரு கொட்டகை பல வருஷம் நடந்தது. பிறகு ஒருநாள் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போனார்கள், அவர்கள் விட்ட தண்ணீர் மண்ணுக்குள் தங்கிவிட்டது. ஈயம், காட்மியம், இன்னும் என்னென்னவோ விஷ உலோகங்கள். கீரை போட்டால் விரல் நீளம் வளர்ந்து மஞ்சளாகச் சுருண்டுவிடும். மஞ்சள் கீரையை யார் வாங்குவார்கள்? வீட்டில்கூடச் சமைக்கவில்லை. அதிகாரிகள் வந்து மண்ணெடுத்துப் போய், மண் கெட்டுவிட்டது என்று ஒரு பலகை நட்டார்கள். தம்பி கூலி வேலைக்குப் போனார். ஆறு வருஷம் அப்படியே போயிற்று.

எங்கள் கூடத்திலும் நடப்பது அந்த மாதிரி மண்ணைத் தொட்டிகளில் நிரப்பி அதோடு மல்லுக்கட்டுவதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மேடம் வந்தார். சின்ன வயசு, நிறையப் படிப்பு, பேச்சில் வேகம். துத்தநாகத்தை நுண்துகளாக்கித் தண்ணீரில் கலந்து இலையில் தெளிப்பது அவருடைய ஆராய்ச்சி. நுண்துகள் என்றால் மாவு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி. செடிக்குத் துத்தநாகம் வேண்டும். காட்மியமோ அதற்கு உடன்பிறந்த மாதிரி இருக்கும். அதே வாசல் வழியாகச் செடிக்குள் நுழைந்துவிடும். வேண்டியதை இலை வழியாகவே ஊட்டிவிட்டால் செடி எப்படியோ தாங்கிக்கொள்ளும், காட்மியமும் குறைவாக ஏறும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

அந்தக் கலவையைச் சும்மா கலக்கி வைத்தால் துகள் அடியில் படிந்துவிடும். அதற்கென்று ஒரு அதிர்வு மெஷின் உண்டு. அது போடுகிற கூச்சலில் பல் கூசும். தொட்டிக்காரம்மா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதன் பக்கத்தில் நிற்பார். பிறகு வாரம் ஒருமுறை விடிந்ததும் தெளிப்பார். தெளித்த தொட்டிக்கும் தெளிக்காத தொட்டிக்கும் வித்தியாசம் குருடனுக்குக்கூடத் தெரியும். ஒன்று கருகருவென்று பச்சை, மற்றது நோஞ்சான். எந்தத் தொட்டிக்கு எந்த அளவு மருந்து என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். சீட்டைப் புரட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும்.

"அளக்குற மெஷினெல்லாம் எதுக்குண்ணே? என் கண்ணு போதாதா?" என்று என்னைச் சீண்டுவார்.

"உன் கண்ணுக்குச் சம்பளம் ஏத்தித் தரச் சொல்றேன், போம்மா" என்பேன்.

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பில் நாங்கள் இரண்டு பேரும் கோட்டை விட்டது என்ன என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தெளித்து மிஞ்சுகிற கலவையைக் கழிவுக் கேனில் ஊற்ற வேண்டும். வெளியே ஒரு சொட்டு போகக் கூடாது என்பது விதி. ஒவ்வொரு வாரமும் இரண்டு லிட்டர் மிஞ்சும். காதில் பஞ்சோடு நின்று கலக்கியதைக் கேனில் கொட்ட யாருக்குத்தான் மனசு வரும்? ஒருநாள் ஒரு பாட்டிலில் ஊற்றி, பைக்குள் வைத்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குக் கொண்டுபோனார். பஸ் குலுங்கிய குலுங்கலில் துகள் படியவே இல்லையாம். பிறகு என்னிடம் சொன்னார். தம்பி வயலில் ஒரு பாத்திக்குத் தெளித்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு பாத்தி. நாலு மாதத்தில் வயல் முழுக்கக் கீரை கரும்பச்சையாக எழுந்து நின்றது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு திங்கட்கிழமை காலை தொட்டிக்காரம்மா என் மேசையில் இரண்டு கட்டுக் கீரையை வைத்தார் என்பதுதான். முகமெல்லாம் சிரிப்பு. அந்த மனுஷி அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"என்னம்மா இது, லஞ்சமா?"

"எங்க வயல்ல வெளஞ்சதுண்ணே. வியாபாரி வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துட்டுப் போறான். தம்பி கூலிக்குப் போறத நிறுத்திட்டான்."

"அந்த வயல்லயா? அது செத்த மண்ணுன்னு சொன்னியே?"

"உசுரு வந்துடுச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி பொண்ணு வந்திருக்கால்ல, ஏழாம் மாசம். மாப்பிள்ளைக்கு அங்க இங்கன்னு அலையுற வேலை, அதான் கூட்டிட்டு வந்துட்டேன். ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்கண்ணே. கேட்டதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. ரெண்டு மாசமா தினமும் கீரைதான். காலையில ஒரு கிண்ணம், மதியம் ஒரு கிண்ணம். இப்ப முகத்துல தெளிவு வந்திருக்கு" என்றார்.

ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் மனைவி எதையும் லேசில் பாராட்டமாட்டாள். "இந்த மாதிரி கீரை எங்க கிடைச்சுது? இன்னும் ரெண்டு கட்டு கேளுங்க" என்றாள். மூன்று நாள் சாப்பிட்டோம். இன்னொரு கட்டு என் அறைக் குளிர்பெட்டியிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை இலைகளைக் கரைக்கிற அடுப்பை ஓட்டினேன். அதில் ஒரு சுழல்தட்டு உண்டு, பன்னிரண்டு குழாய் வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தட்டு ஒருபக்கமாக ஆடும், சூடு சரியாகப் பரவாது. அதனால் எங்கள் அறையில் ஒரு பழக்கம். குழாய் குறைந்தால் கைக்குக் கிடைத்த இலையை நிறுத்துப் போட்டு நிரப்பிவிடுவோம். வேப்பிலை, வாசலில் கிடக்கிற சருகு, என்னவானாலும் சரி. அன்றைக்குப் பதினொன்றுதான் இருந்தது. குளிர்பெட்டியைத் திறந்தால் தொட்டிக்காரம்மாவின் கீரை. கொஞ்சம் கிள்ளி நிறுத்துப் போட்டேன்.

நிரப்பு இலையை யாரும் அளப்பதில்லை, கொட்டிவிடுவோம். அன்றைக்கு என்ன நினைப்பில் பன்னிரண்டாவது குழாயையும் அளக்கிற மெஷினில் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அசதி, கை பழக்கத்தில் ஓடியிருக்கும். திரையில் எண் வந்தது. கீரையில் இவ்வளவுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்று ஓர் அளவு உண்டு. அதைப்போல மூன்று மடங்கு.

குழாய் மாறியிருக்கும் என்று நினைத்தேன். குழாய்களைச் சுடுதண்ணீரில் கழுவி, புது அமிலம் ஊற்றி, கீரையை மூன்றில் தனித்தனியாகப் போட்டு மறுபடி ஓட்டினேன். மூன்றிலும் அதே எண். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் தின்ற மூன்று நாள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. காலையில் ஒரு கிண்ணம், மதியம் ஒரு கிண்ணம், இரண்டு மாதம்.

கொட்டகைக்குப் போனேன். அந்த அம்மா நூற்றுப் பதினாறாவது தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"ஏம்மா, உங்க வயல்ல எதைத் தெளிச்ச? உண்மையச் சொல்லு."

முகம் வெளிறிவிட்டது. வேலை போகப்போகிறது என்று நினைத்துவிட்டார். "மிச்சத்ததான்ணே. கொட்டப் போறதத்தான எடுத்தேன்" என்றார்.

"எடுத்தது போகட்டும். அந்தக் கீரைய இனிமே யாரும் தொடக் கூடாது. காட்மியம் மூணு மடங்கு இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. "என்னண்ணே சொல்றீங்க? எலை எப்படி இருக்குன்னு பாத்தீங்கல்ல? ஒரு புள்ளி இல்ல, ஒரு சுருக்கம் இல்ல. வெஷம் இருந்தா செடி இப்படி நிக்குமா?"

"நிக்கும்மா. அது நிக்கணும்னுதான இந்த மருந்தே. செடி தாங்கிக்கும். அதுக்காக உள்ள ஏறுனது இல்லன்னு ஆயிடுமா? மருந்து தெளிச்சா ஏறுறது பாதியாக் குறையும். உங்க மண்ணுல இருக்குற அளவுக்குப் பாதியே மூணு மடங்கு."

அவர் சுற்றிலும் தொட்டிகளைப் பார்த்தார். "இதுலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

"பன்னண்டு வருஷமா நான்தான் இதையெல்லாம் பிடுங்கி உங்க மேசையில கொண்டாந்து வெக்கிறேன். ஒருத்தரும் சொல்லலியே. நீங்ககூட சொல்லலியேண்ணே."

என் எண்கள் என் மெஷினிலிருந்து மேடத்தின் கணினிக்குப் போகும். அங்கிருந்து கட்டுரைக்குப் போகும். முப்பதடி தள்ளியிருக்கிற கொட்டகைக்கு ஒருநாளும் போனதில்லை. டீ குடிக்கிற நேரத்தில் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன் கண் போதாதும்மா, இது கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்று. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மஞ்சளாக இருந்தவரைக்கும் அந்தக் கீரையை யாரும் தின்னவில்லை. செடி தன்னால் முடிந்தவரை எச்சரித்துக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் அதன் வாயைக் கட்டிவிட்டோம்.

அன்று மத்தியானமே கூடத்து ஜீப்பில் இருவரும் கிளம்பினோம். டிரைவர் விடுப்பில் இருந்ததால் நானே ஓட்டினேன். வழியில் அவர், "சாப்பாட்டு நேரம். அவ இப்ப சாப்பிட்டுக்கிட்டிருப்பா, கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது தம்பி வயலில் நின்று வியாபாரிக்குக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா வேலை நேரத்தில் வந்ததைப் பார்த்ததும் பயந்துபோனார். நான் விஷயத்தைச் சொன்னேன். வியாபாரி கேட்டதும் கையிலிருந்த கட்டைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு இரண்டாவது வார்த்தை தேவைப்படவில்லை. தம்பிக்குத்தான் ஏறவில்லை.

"உங்க மெஷின் தப்பு சொல்லக் கூடாதா சார்?"

"நாலு தடவை பாத்தாச்சு தம்பி."

"ஆறு வருஷம் கழிச்சு இப்பதான் சார் என் மண்ண நான் நிமிந்து பாக்குறேன். நாலு பேரு முன்னாடி வெவசாயின்னு சொல்லிக்கிறேன்." அக்காவின் பக்கம் திரும்பினார். "நீதான கொண்டாந்து தெளிச்ச? நீயே உசுரு குடுத்துட்டு நீயே வந்து பறிக்கிறியாக்கா?"

"ஆமாடா, நான்தான் கொண்டாந்தேன்" என்றார் அவர். "நான்தான் அவளுக்கு ஊட்டுனேன். வேணாம் அத்தை, தெகட்டுதுன்னு சொன்னா. ரத்தம் ஊறணும், உங்கம்மா மாதிரி போயிடுவியான்னு திட்டித் திட்டி ஊட்டுனேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன். இரண்டே அறை. ஜன்னல் ஓரத்தில் அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிண்ணம், பாதி காலியாகிவிட்டது. அத்தை அதை வெடுக்கென்று பிடுங்கினார்.

"என்ன அத்தை? முழுசா சாப்பிடலன்னு கோவமா? சாப்பிட்டுடறேன், குடு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், எனக்குத் தெரிந்த மெதுவான வார்த்தைகளில். இன்றோடு நிறுத்திவிட வேண்டும், நாளைக்கே டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும், பயப்பட வேண்டாம் என்று. பயப்பட வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தொட்டிக்காரம்மா வயலில் இறங்கினார். முதல் பாத்தியின் முதல் செடியிலிருந்து ஆரம்பித்தார். வேர் அறாமல் பிடுங்கி, மண்ணை உதறி, ஒரே பக்கமாக அடுக்கி. பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை வேறு மாதிரி பிடுங்க மறுத்தது. மாட்டுக்கும் போடக் கூடாது, குப்பையில் மக்கவும் விடக் கூடாது, எல்லாவற்றையும் கூடத்துக் கழிவு அறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன். சாக்கு கொண்டுவரச் சொன்னார். தம்பி கொஞ்ச நேரம் வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து வந்து மறுபக்கத்திலிருந்து பிடுங்கினார். நானும் குனிந்தேன். பொழுது சாய்வதற்குள் பதினாறு சாக்கு நிரம்பிவிட்டது, வயலில் பாதிகூட முடியவில்லை. அந்த அம்மா நிமிர்வதற்கு நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. மிச்சத்தை மறுநாளும் அதற்கடுத்த நாளும் பிடுங்கினார்கள்.

மேடத்திடம் மறைக்க முடியாது, மறைக்கவும் இல்லை. முதலில் கத்தினார். பிறகு உட்கார்ந்து அழுதார். "நான் கட்டுரையில எழுதியிருக்கேன், சாப்பிடுற பகுதியில இருக்குற அளவு தனியா பாக்கணும்னு. தெளிவா எழுதியிருக்கேன்" என்றார். எழுதித்தான் இருந்தார். யார் படிக்க? தொட்டிக்காரம்மாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த நாளே கழிவுக் கேனுக்கு ஒரு பூட்டு வந்தது. தம்பி மறுபடி கூலிக்குப் போனார்.

தொட்டிக்காரம்மா வேலைக்கு வந்தார். அதே தண்ணீர், அதே தெளிப்பு, அதே மெஷின் கூச்சல். இலையைப் பார்த்து எதுவும் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். மேடம் கேட்டாலும், "மெஷின்ல பாத்துக்கங்கம்மா" என்பார். வெள்ளிக்கிழமைகளில் என் அறை வாசலில் வந்து நிற்பார். ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டச் சொல்வார். நான் சலித்துக்கொள்ளாமல் வாசிப்பேன். என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வாரம் அவர் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் நேரே என் அறைக்கு வந்தார். குழந்தை பிறந்திருக்கிறது, பெண் குழந்தை, தாயும் பிழைத்துக்கொண்டாள் என்றார். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பக்கத்து அறைக்காரர்களைக்கூடக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எப்படிம்மா இருக்கா குட்டி?"

"நல்லா இருக்காண்ணே. எடை இருக்கு. நல்லாப் பால் குடிக்கிறா. டாக்டரும் பாத்துட்டு நல்லாதான் இருக்கான்னு சொன்னாங்க."

ஆனால் அவர் போகவில்லை. கையிலிருந்த துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார். மெஷினையே பார்த்தார்.

"அண்ணே, கொழந்தையோட ரத்தம் கொஞ்சூண்டு கொண்டாந்தா, அந்தப் பன்னண்டாவது குழாயில போட்டுப் பாக்க முடியுமா?"

"முடியாதும்மா" என்றேன். "நம்ம மெஷின இலைக்கும் வேருக்கும்தான் பழக்கியிருக்கு. ரத்தம் பாக்க எங்களுக்கு அனுமதியும் இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில எங்க பாக்குறாங்கன்னு விசாரிக்கிறேன்."

"சரிண்ணே" என்றார். தண்ணீர் ஊற்ற நேரமாகிவிட்டது என்று கொட்டகைக்குப் போனார்.